நிற்கிற நாரை ஆகாது

ஜெச்கோ என் தங்கையைக் கட்டியவன். பூர்காஸ் நகரத்தில் பதினெட்டாம் நம்பர் பேருந்து ஓட்டினான். யார் முகமும் வாடக் கூடாது அவனுக்கு, அதுதான் அவன் வியாதி. நிறுத்தம் இல்லாத இடத்தில் ஒரு கிழவி மூட்டையைக் காட்டிக் கண்ணைக் கசக்கினால் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்துவிடுவான். மேலதிகாரி கூப்பிட்டுக் கத்துவார். அவர் முகமும் வாடக் கூடாதே, அதனால் அவரிடமும் தலையைக் குனிந்து "இனிமே செய்ய மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவான். மறுநாள் அதே கிழவி, அதே மூட்டை.

என் தங்கை திரெந்தபிலா அதே டிப்போவில்தான் இருந்தாள். நாங்கள் பிலா என்போம். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு டிரைவர்களை விரட்டும் வேலை. வெண்கலக் குரல். ஊரில் உள்ள டிரைவர்கள் எல்லோரும் அவள் குரலுக்கு நடுங்குவார்கள், இவன் ஒருத்தன் மட்டும் சிரிப்பான்.

"பதினெட்டு, எங்க நிக்கிற? சந்தைக்குப் போயிட்டியா, சம்பந்தம் பேசப் போயிட்டியா?" என்று அவள் ஒருநாள் கேட்டாளாம்.

"பேசலாம்னுதான் இருக்கேன். பொண்ணு யாருன்னு சொன்னா வரேன்" என்றானாம் இவன். எல்லா வண்டியிலும் கேட்டது. அந்த வாரமே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சா அடையை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு டிப்போ வாசலில் வந்து நின்றுவிட்டான். நான் வேண்டாமென்றேன். இவ்வளவு இளகின மனுஷனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்று சொன்னேன். யார் கேட்டார்கள். குழந்தை குட்டி இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், நான் பார்த்த வீடுகளில் சிரிப்புச் சத்தம் அதிகம் கேட்ட வீடு அவர்களுடையதுதான். நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன், அவர்கள் மூன்றாவது மாடி. மாடிப்படி வழியாகக் கீழே வரை கேட்கும்.

பதினெட்டாம் நம்பரின் கடைசி நிறுத்தம் பழைய செங்கல் சூளை. எங்கள் அப்பா காலத்தில் அங்கிருந்த சதுப்பை வடித்துக் கிழங்கு போட்டார்கள். பிறகு சூளைக்காரர்கள் மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கினார்கள். பிறகு ஊரே குப்பை கொட்டியது. அதற்கப்புறம் படித்த பிள்ளைகள் சிலர் வந்து, குப்பையை வாரி, வாய்க்கால்களை அடைத்து, தண்ணீரைத் திரும்ப விட்டார்கள். நாணல் வந்தது, நாணலுக்குப் பறவை வந்தது, பறவைக்கு ஜனங்கள் வந்தார்கள். வாசலில் வளைவு வைத்து ஈரநிலப் பூங்கா என்று பெயரும் எழுதிவிட்டார்கள். என் சித்தப்பா மகன் பழைய ஃப்ரிட்ஜைத் தள்ளிவிட்ட குழியை இப்போது பைனாகுலர் வைத்துப் பார்க்கிறார்களா என்று நான் கேலி செய்வேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையெல்லாம் ஜெச்கோதான் ஏற்றிக்கொண்டு போவான். அவன் மட்டும் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

இங்கே மார்ச் முதல் தேதி எல்லோரும் கையில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் கட்டிக்கொள்வோம். அந்த வருஷத்தின் முதல் செங்கால் நாரையைப் பார்க்கிற வரைக்கும் அவிழ்ப்பதில்லை. பார்த்த பிறகு அவிழ்த்து ஏதாவது ஒரு மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். பறக்கிற நாரையைப் பார்த்தால் அந்த வருஷம் உடம்பு காற்றுப்போல லேசாக இருக்கும். நிற்கிற நாரையைப் பார்த்தால் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். பாதி விளையாட்டாகத்தான் எல்லோரும் சொல்வது.

பிலா இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆள் இல்லை. கறுப்புப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். ஆனால் எங்கள் அம்மா ஒரு வருஷம் மார்ச்சில் அடுத்த வீட்டுப் புகைபோக்கி மேல் நாரை நிற்கிறதைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இந்த வருஷம் சரியில்லடி" என்றாள். அறுவடைக்கு முன்னால் போய்விட்டாள். பிலாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை, அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அது அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜெச்கோ சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனான் என்று அதை எடுத்துக்கொண்டு கடைசி நிறுத்தத்தில் போய் இறங்கியிருக்கிறாள். பூங்காவின் பம்பு அறைக் கூரை மேல் அந்த வருஷத்து முதல் நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததாம். வந்து என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இலையுதிர்காலம் வருவதற்குள் அவளால் மூன்று மாடி ஏற முடியவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே போவாள். டாக்டர் பார்த்தார். இதய வால்வு கெட்டுவிட்டது, திறந்து மாற்ற வேண்டும், ஜனவரியிலேயே வந்து படுத்துவிடுங்கள் என்றார்.

"இந்த வருஷம் வேணாம்" என்றாள் பிலா.

"ஜனவரின்னா புது வருஷம்தானே" என்றேன்.

"உனக்குப் புது வருஷம். எனக்குப் புது நாரை வந்தாத்தான். அந்த ஒத்தக்கால் நாரையோட கணக்கிலயே நான் போய்க் கத்திக்கு அடியில படுக்க மாட்டேன். ஒண்ணு பறக்கிறதைப் பாத்துக்கறேன், அன்னைக்கே வந்து படுக்கறேன்."

எனக்கு வந்த கோபத்தில் காபிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்துக்குக் கைப்பிடி உடைந்தது. "ஏண்டி, உனக்கு மூளை கீளை இருக்கா? கொக்கு வந்து வைத்தியம் பாக்குமா?"

"கொக்கு இல்லண்ணே, நாரை."

"ஜெச்கோ, நீ சொல்லேன்யா. உன் பொண்டாட்டிதானே."

ஜெச்கோ அவளைப் பார்த்தான். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போயிருந்தது. அவனுக்கு அது போதும். "விடு மச்சான். பயந்துகிட்டுப் போய்ப் படுத்தா ஒடம்பு தேறாது. ரெண்டு மாசம்தானே" என்றான். அந்த இடத்திலேயே அவனை நாலு அறை அறைந்து, இவளைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

அந்தக் குளிர்காலம் போகவே மாட்டேன் என்றது. கடலிலிருந்து காற்று சன்னலைப் பிடித்து ஆட்டும். பிலா படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாள். உதட்டில் ஒரு நீலம் வந்துவிட்டது. மேலே சிரிப்புச் சத்தம் குறைந்து இருமல் சத்தம் வந்தது. டாக்டர் கடைசியாக ஒரு தேதி சொன்னார், மார்ச் இருபத்தைந்து. அது எங்களுக்கு பிளாகோவெத்ஸ் திருநாள், மாதாவுக்கு நற்செய்தி வந்த நாள். அன்றைக்குப் படும் காயம் சீக்கிரம் ஆறும் என்பார்கள், பெண் குழந்தைகளுக்கு அன்றுதான் காது குத்துவது. பிலாவுக்குத் தேதி பிடித்துவிட்டது. முந்தின நாள் காலையிலேயே வந்து சேர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"அதுக்குள்ள நாரை வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வரும்" என்றாள்.

மார்ச் நடுவில் முதல் தடவை போனோம். என் பழைய கார், நான் ஓட்டினேன். வழியில் ஏதாவது நாரை விளக்குக் கம்பத்தில் நின்றுகொண்டிருந்து, அது முதலில் கண்ணில் பட்டுவிட்டால் எல்லாம் பாழ் என்று அவள் கண்ணைத் துணியால் கட்டி உட்கார வைத்திருந்தான் ஜெச்கோ. சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவன் எங்களையே பார்த்தான்.

"கடத்திட்டுப் போறோம்னு நெனச்சிருப்பான்" என்றேன்.

"சொல்லிடு, பணம் தேறாதுன்னு" என்றாள் பிலா கண்கட்டுக்குள்ளிருந்து.

அவ்வளவு வருஷம் வாசல் வரை ஓட்டிய ஜெச்கோ அன்றுதான் அந்தப் பூங்காவுக்குள் காலெடுத்து வைத்தான். பலகைப் பாதை தண்ணீருக்கு மேலேயே போகும், இரண்டு பக்கமும் ஆளுயர நாணல். காற்றில் அது ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. தண்ணீர் திரும்பி வந்தபோது வேர் அழுகிச் செத்த பாப்லர் மரங்கள் நடுவில் அப்படியே நின்றன. அவற்றின் கிளையெல்லாம் நீர்க்காகங்கள், கறுப்பாக, இறக்கையை விரித்துக்கொண்டு. ஜெச்கோ முதலில் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, நாரை ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அவள் கட்டை அவிழ்த்தான். அவள் அந்த மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கு?" என்றாள். எனக்கு அந்த இடமே பிடிக்கவில்லை.

பூங்காவில் வேலை செய்கிற நெவ்யானா என்ற பெண் முழங்கால் பூட்ஸோடு வந்தாள். ஜெச்கோ வண்டியில்தான் தினமும் வேலைக்கு வருவாள், அதனால் அவனுக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

"எதிர்க்காத்து ஜெச்கோ மாமா. நாரையெல்லாம் துருக்கிப் பக்கமே எறங்கி உக்காந்திருக்கு. காத்து திரும்பினா ஒரே நாள்ல வந்துடும். அதோ அந்தக் கம்பத்து மேல சக்கரம் வெச்சிருக்கோம் பாருங்க, அதுலதான் கூடு. வருஷா வருஷம் அதே ஜோடி." அப்படியே பம்பு அறைக்குப் போகும் மின்கம்பிகளைக் காட்டி முகத்தைச் சுளித்தாள். "வந்தாலும் எனக்கு நிம்மதி இல்ல. அந்தக் கரண்டுக் கம்பத்துல உக்காரப் போய் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு கருகிப் போகுது. கம்பிக்கு உறை போடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. அந்தப் பம்பு இல்லைன்னா இங்க தண்ணியும் இல்ல, என்ன பண்றது."

இரண்டாவது தடவை போன அன்று மூடுபனி. மூன்றடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. யாரோ இரண்டு மரக்கட்டைகளை வேகவேகமாகத் தட்டுகிற மாதிரி, டகடகடகவென்று. நாரை அலகைத் தட்டுகிற சத்தம். கூட்டில் நின்றுகொண்டுதான் அப்படித் தட்டும்.

ஜெச்கோ பாய்ந்து அவளைத் திருப்பி அவள் முகத்தைத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டான். பனியில் எப்படியும் தெரியப்போவதில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டான். சத்தம் நின்றது. மறுபடி வந்தது, இந்தத் தடவை கிட்டத்தில் கேட்டது.

"வந்துட்டாங்க" என்றாள் பிலா அவன் சட்டைக்குள்ளிருந்து. "கேட்டா கணக்கு இல்ல. பாத்தாத்தான் கணக்கு."

"கணக்கு இல்ல, கணக்கு இல்ல" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான். அன்று வீடு வந்து சேர்ந்ததும் அவளை நாங்கள் இரண்டு பேருமாக நாற்காலியில் உட்கார வைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அடுத்து வானம் தெளிந்தது ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று காலைதான்.

கிளம்பும்போது காரின் பின்னால் அவளுடைய ஆஸ்பத்திரிப் பை இருந்தது. இரவு உடுப்பு, சீப்பு, ஒரு பாட்டில் லிண்டன் டீ. வெயில் இருந்தது, ஆனால் காது அறுந்து விழுகிற குளிர். பூங்கா வாசலில் ஜெச்கோ எங்களைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினான், திரும்பி வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இருக்கு. நிக்குது" என்றான் மெதுவாக.

கண்கட்டோடு அவளைப் பலகைப் பாதையில் நடத்திக் கொண்டுபோய், பறவை பார்க்கக் கட்டிய மரக்குடிலின் பின்பக்கம் பெஞ்சில் உட்கார வைத்தோம். குடிலுக்கு அந்தப் பக்கம் கூடு. நான் எட்டிப் பார்த்தேன். சக்கரத்தின் மேல் ஒன்று மட்டும் நின்றது. அசையாமல், ஒற்றைக் காலில், எங்கள் பக்கம் பார்த்தபடி. ஜோடியின் இன்னொன்றைக் காணோம். எனக்கு நாரை மேலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டேன்.

நெவ்யானா வந்தாள். "அவசரப்படாதீங்க. மதியம் தரை சூடேறினா தானா எழும்பிச் சுத்தும். அதுவரைக்கும் கெளம்பாது."

"மதியத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இருக்கணும்மா" என்றான் ஜெச்கோ.

உட்கார்ந்திருந்தோம். பிலா இருமினாள். கோட்டு மேல் என் கோட்டையும் போட்டும் அவள் பல் தந்தியடித்தது. விரல் நகமெல்லாம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. "போதும் பிலா. கட்டை அவுத்துடறேன். என்ன நிக்குதோ நிக்கட்டும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று முடிச்சில் கை வைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலைமையிலும் நல்ல பிடி. "அவுத்தா நேரா வீட்டுக்குத்தான் போவேன், அண்ணே. சத்தியமா சொல்றேன். நீ என்னைக் கட்டித் தூக்கிட்டுப் போனாலும் கையெழுத்து நான்தான் போடணும்."

ஜெச்கோ எழுந்தான். தன் டிரைவர் உடுப்பு நீலச் சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பார்வையாளர்கள் தாண்டக்கூடாது என்று கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நாணல் கரையில் இறங்கிவிட்டான்.

"ஜெச்கோ மாமா, வேணாம், அந்தப் பக்கம் போகாதீங்க" என்று நெவ்யானா கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. முழங்கால் வரை சேறு. கூட்டுக் கம்பத்துக்குக் கீழே போய் நின்று சட்டையைத் தலைக்கு மேல் சுழற்றினான். நாரை அசையவில்லை. ஜனங்களைப் பார்த்துப் பழகின பறவை. இவன் கத்தினான், கையைத் தட்டினான், கடைசியில் கம்பத்தையே பிடித்து உலுக்கினான். நாரை இறக்கையை விரித்தது, இரண்டு எட்டு வைத்தது, எழும்பியது.

நான் கண்கட்டை இழுத்தேன். "பாரு, பிலா. மேல பாரு."

எவ்வளவு பெரிய பறவை. எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. இறக்கை அடிக்கிற காற்று கேட்டது. வெள்ளை வயிற்றில் வெயில் பட்டு, சிவந்த கால்கள் பின்னால் நீண்டு தெரிந்தன. பிலா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் பார்க்காத முகம் அது. "பறக்குது அண்ணே" என்றாள். சிரித்தாள், மூச்சுக்கு இடையில் சிரித்தாள். உடனே குனிந்து மணிக்கட்டில் கட்டியிருந்த நூலின் முடிச்சைப் பல்லால் இழுக்க ஆரம்பித்தாள்.

நான் மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாரை ஒரு வட்டம் போட்டது. ஜெச்கோ கூட்டுக்குக் கீழேயே நின்றதால் அங்கே திரும்ப மனமில்லாமல், பம்பு அறைப் பக்கம் சாய்ந்தது. கால்களைக் கீழே தொங்கவிட்டது. மின்கம்பத்தின் உச்சியில் இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நெவ்யானாவுக்கும் தெரிந்தது, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டப்பென்று ஒரே சத்தம். கொஞ்சம் புகை. அது மடங்கி, துணிமூட்டை மாதிரி நாணலுக்குள் விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் பிலா. தலை குனிந்தபடியே இருந்தது.

"பம்பு. ஓட்டுறாங்க போல" என்றேன்.

"சரி" என்றாள். முடிச்சு அவிழ்ந்தது.

ஜெச்கோ சேற்றோடு வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. "பறந்துச்சா?" என்று அவளைக் கேட்டான்.

"பறந்துச்சு ஜெச்கோ. என் தலை மேலயே போச்சு. நீ மட்டும் டிரைவரா இல்லாம இருந்தா நாரை மேய்க்கப் போயிருக்கலாம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரு வில்லோ மரத்தில் ஊர்க்காரர்கள் கட்டிய நூல்கள் நிறையத் தொங்கின. தன் நூலையும் அதில் கட்டினாள். ஜெச்கோ கிளையை வளைத்துக் கொடுத்தான். நெவ்யானா தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டாள். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டோம் என்று ஜெச்கோவைக் கீழே அனுப்பினாள். அவன் போன காலடிச் சத்தம் அடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அது விழுந்ததை நான் பாத்தேன்."

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன்.

"நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே ஓரக்கண்ணால பாத்தேன். அவன்கிட்ட சொல்லாத. என்ன நடந்தாலும் சொல்லாத."

குளிர்காலம் முழுக்க அவளை முட்டாள் என்று திட்டியவன் நான். அந்த நிமிஷத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "அப்ப வேணாம் பிலா. வா, வீட்டுக்குப் போயிடலாம். தேதியை மாத்திக்கலாம்" என்றேன். அவள் பையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

அவள் சிரித்தாள். "நீதானே அண்ணே, கொக்கு வைத்தியம் பாக்குமான்னு கேட்ட."

"கேட்டேன். இப்ப சொல்றேன், வேணாம்."

"இப்ப நான் மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பான். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுடும். கம்பத்தை ஆட்டினது அவன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தான்தான் கொன்னோம்னு சாகற வரைக்கும் அழுவான். அவனைத் தெரியாதா உனக்கு? அவனுக்கு யார் மொகமும் வாடக் கூடாது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்கு அண்ணே. ரொம்பப் பயமா இருக்கு. ஆனா நான் போறேன்."

ஜெச்கோ செருப்போடு உள்ளே வந்தான். "இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா, பதினெட்டு?" என்றாள் அவள், டிப்போக் குரலில்.

மறுநாள் காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெச்கோவைப் பார்த்துக் கையை இறக்கை மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். கோயில் மணி அடித்தது, திருநாள் பூசை. வெளியே காது குத்தப் போகிற பெண் குழந்தை ஒன்று அழுதுகொண்டு போனது. டாக்டர் வந்தபோது முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வால்வை மாத்திட்டோம். இதயம் திரும்ப ஓட மாட்டேன்னுடுச்சு. ரொம்பத் தளர்ந்து போயிருந்தது. ஜனவரியில வந்திருந்தீங்கன்னா எங்களுக்கு வேலை செய்ய ஒரு இதயம் இருந்திருக்கும்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஜெச்கோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவால்ல டாக்டர், நீங்க வருத்தப்படாதீங்க" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னான்.

நாற்பதாம் நாள் கல்லறையில் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை போட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். டிப்போ ஆட்கள் எல்லோரும் வந்து போனார்கள். நெவ்யானாவும் வந்தாள், ஒன்றும் பேசாமல் அவன் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். எல்லோரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கல் ஓரத்தில் உட்கார்ந்தோம். அவன் மடியில் கிண்ணம் இருந்தது.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். நீ பக்கத்துல இருந்த. அது விழுந்ததை அவ பாத்தாளா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து சொல்லாதே என்றது எனக்குக் கண்முன் வந்தது. "பாக்கல" என்றேன்.

"நெஜமா?"

"பாக்கலடா. குனிஞ்சு முடிச்சை அவுத்துக்கிட்டு இருந்தா."

அவன் நிம்மதியாவான் என்று நினைத்தேன். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அவ பாத்தது பறந்ததை மட்டும்தான். அவ கேட்ட நாரை அவளுக்குக் கெடச்சிருக்கு. அதுக்கப்புறமும் போயிட்டா" என்றான். "அப்ப டாக்டர் சொன்னதுதான் மச்சான். ஜனவரியிலயே கூட்டிட்டுப் போயிருக்கணும். அன்னைக்கு நீ என்னைச் சொல்லச் சொன்ன. ஒரு வார்த்தை அதட்டியிருந்தா வந்திருப்பா. மொகம் வாடிடுமேன்னு விட்டுட்டேன். நான்தான் விட்டேன்."

அவள் பார்த்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால், அவள் போனது ஜனவரியால் இல்லை, அந்த நாரையால் என்று இந்தப் பாரம் இறங்கும். இறங்கின கையோடு கம்பத்தை ஆட்டிய பாரம் ஏறும். சொன்னாலும் அவன் கணக்கில் கொன்றது அவன்தான், சொல்லாவிட்டாலும் அவன்தான். என் தங்கை அவ்வளவு பயத்தோடு அந்தக் கதவுக்குள்ளே போனது எதற்காக என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என் முதுகைத் தட்டி, "அழாத மச்சான், அழாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த கோதுமையை இரண்டு பேருமாகத் தின்று முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.